இராவணனுக்கு எத்தனை தலை? திருகோணமலை ஓவியக் கண்காட்சி பற்றி

மத்தளம்:
நகரில் நடந்த குழு ஓவியக் கண்காட்சி பற்றி இந்த இணைய மன்றத்தில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ‘இராவணேசன்’ கூத்தை வைத்து வரைந்தவர்கள் இராவணனுக்கு ஒரு தலைதான் போட்டார்களாம், அதனால் அவர்களுக்குக் கதையே தெரியாதாம். அவர்கள் வரைந்தது மேடையில் ஆடிய இராவணனை. 1960-களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கூத்தைத் தயாரித்தபோது மௌனகுரு இராவணனாக ஆடினார். ஒரு தலையோடுதான் ஆடினார்.

கோட்டைவாசல்:
எழுதியது நான்தான். ‘ஒருவர்’ என்று சுற்றி வளைக்க வேண்டாம். ஆடியவர் மனிதர், தலை ஒன்று. சரி. தூரிகை பிடித்தவருக்கு என்ன தடை? இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவு, இராவணன் வெட்டு, இருக்கிற ஊரில் வைத்து ஒற்றைத் தலை இராவணனா?

மத்தளம்:
அந்தப் பெரிய படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? கரப்புடுப்பு, அதுதான் வளையம் வைத்து விரித்த கூத்து உடுப்பு, ஒரு பக்கம் சரிந்து, சரிகைக்குக் கீழே வளையம் தெரிகிறது. கிரீடம் நிலத்தில். அது அழுத்திய சிவந்த தடம் நெற்றியில். வடமோடி என்ற கூத்து வகையின் உடுப்பின் பாரம் தெரிந்தவரால்தான் அப்படி வரைய முடியும். படத்தில் இராவணன் முதல் நாள் போரில் தோற்று வந்து உட்கார்ந்திருக்கிறான். கம்பனும் ‘தாரணி மவுலி பத்தும்’ களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தான் என்றுதானே பாடினான்?

கோட்டைவாசல்:
பத்து என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மிக்க நன்றி. களத்தில் போனது முடி. தலை போகவில்லை.

கடலோரம்:
பக்கத்துச் சுவரில் மண்டோதரி படம் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

மத்தளம்:
மண்டோதரி இருக்கட்டும். சுற்றிவரப் பார்க்கிற வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கூத்தைத்தான் வித்தியானந்தன் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடைக்குக் கொண்டுவந்தார். கலை இடம் மாறினால் உருவமும் மாறும். ஓவியத்துக்கும் அதே நியாயம்தான்.

கோட்டைவாசல்:
மாறலாம் என்றால் பத்தாகவும் மாறலாமே! மட்டக்களப்பார் வந்து எங்களுக்கு இராவணனைப் படிப்பிக்க வேண்டாம்.

மத்தளம்:
படிப்பித்தவர்கள் மட்டக்களப்பார்தான். பேராதனை மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த கூத்து ஆசான் செல்லையா அண்ணாவியார். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் இந்தக் கண்காட்சியும் இல்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

கடலோரம்:
ஊர்ச் சண்டையை விடுங்கள் அண்ணை. மண்டோதரி படத்தில்...

கோட்டைவாசல்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இவர் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் பற்றிய இழையிலும் இப்படித்தான். ஏழு கிணறு இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்றேன். ஆளைக் காணவில்லை.

மத்தளம்:
அங்கே நீளமாகப் பதில் போட்டேன். அதை அழித்தது யார்?

கோட்டைவாசல்:
நான் அழிக்கவில்லை. மட்டுறுத்துநரைக் கேளுங்கள். தலை பத்து.

மத்தளம்:
மட்டுறுத்துநர் உங்கள் மச்சான் என்பது திருகோணமலை முழுக்கத் தெரியும். நாடகத்தில் தலை ஒன்று.