பிள்ளையின் திறமையை வளர்ப்பதற்கும் உரிமையைக் காப்பதற்கும் இடையே முரண்பாடு உண்டா?

கேள்வி (ஒரு தந்தை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு 11 வயது ஆகிறது. சிறு வயதிலிருந்தே ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று வருகிறாள். அதில் அவளுக்கு இயல்பான தேர்ச்சி இருப்பதாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். போட்டிகளுக்குத் தயாராகும் குழுவில் சேர்க்கப்பட்ட பிறகு வாரத்தில் ஆறு நாட்கள், ஏறக்குறைய 20 மணி நேரம் பயிற்சி நடக்கிறது. பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பது அங்குள்ள விதி. பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் பிள்ளைகளின் உடல் எடையைக் குறிப்பிட்டுப் பேசுகிறார் என்றும், அழுகிற பிள்ளையைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்கிறார் என்றும் மகள் சொல்கிறாள். சில வாரங்களாக அவளுக்கு மணிக்கட்டில் வலி இருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டு தொடரும்படி சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பிடிக்கும், அங்கே போகத்தான் பிடிக்கவில்லை" என்று அவள் இப்போது சொல்கிறாள். உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து. கண்டிப்பு இல்லாமல் எந்தத் திறமையும் முழுமை அடையாது என்று கேட்டே வளர்ந்த எனக்கோ, இப்போது நிறுத்திவிட்டால் பிற்காலத்தில் "ஏன் என்னை விட்டுவிட்டீர்கள்" என்று அவளே கேட்பாளோ என்ற கவலை இருக்கிறது. தன் திறமை முழுமையாக வளர்வது ஒரு பிள்ளையின் உரிமை என்றால், அதற்காக அவளை வற்புறுத்துவது பெற்றோரின் கடமை ஆகாதா? 11 வயதுப் பிள்ளையின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும்?

மறுமொழி (குழந்தை உரிமைகள் குறித்துப் பயிற்சி அளிப்பவர்)

ஐயா, வணக்கம். ஐக்கிய நாடுகள் அவை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கை உங்கள் கேள்வியின் இரண்டு பக்கங்களையும் நேரடியாகத் தொடுகிறது. பிள்ளையின் ஆளுமை, திறமைகள், மன ஆற்றல், உடல் ஆற்றல் ஆகியவற்றை இயன்ற அளவுக்கு முழுமையாக வளர்ப்பதைக் கல்வியின் நோக்கமாக அதன் 29ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. எனவே திறமை வளர்வது உரிமை என்று நீங்கள் சொல்வது சரியே. ஆனால் அதே உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக்குகிறது. உடலாலும் மனத்தாலும் இழைக்கப்படும் எல்லா வகை வன்முறையிலிருந்தும் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. பிள்ளையைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையை அவளுக்குத் தருகிறது 12ஆம் பிரிவு. இவற்றில் ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவைக்க அந்த உடன்படிக்கையில் இடம் இல்லை. அவமானப்படுத்தித் திறமையை வளர்ப்பதற்கு 29ஆம் பிரிவைத் துணைக்கு அழைக்க முடியாது என்பதை நான் உறுதியாகவே சொல்வேன்.

11 வயதுச் சொல்லின் மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அவளுடைய கருத்துக்கு உரிய மதிப்பு அளிக்க வேண்டும் என்பதே 12ஆம் பிரிவின் கூற்று. இறுதி முடிவின் சுமை முழுவதையும் அவள் தோளில் ஏற்றும்படி அது சொல்லவில்லை. பிள்ளையை வளர்க்கும் முதன்மைப் பொறுப்பு பெற்றோருடையது, பிள்ளையின் நலனே அவர்களுடைய அடிப்படை அக்கறையாக இருக்க வேண்டும் என்று 18ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆகவே முடிவெடுப்பவர்கள் நீங்கள் இருவரும்தான் என்றாலும், அவள் சொன்னதைக் கேட்காமல் எடுக்கும் முடிவு நியாயமான முடிவு ஆகாது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மகள் எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறாள்! கலை பிடிக்கிறது, இடம்தான் பிடிக்கவில்லை என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும் பிள்ளையின் முதிர்ச்சியை ஐயப்படக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. வார்சாவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், அங்கே பிள்ளைகளே நடுவர்களாக அமரும் நீதிமன்றம் ஒன்றை அமைத்து, தாமும் அதன் முன் நின்று பதில் சொன்னார். அநீதியை அடையாளம் காணும் அறிவு பிள்ளைகளுக்கு உண்டு என்று அவர் அந்த அளவுக்கு நம்பினார். பின்னாளில் இந்த உடன்படிக்கைக்கான முதல் வரைவை 1978இல் முன்வைத்ததும் அவருடைய நாடான போலந்துதான்.

மறுமொழி (விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர்)

மற்ற விவாதங்கள் காத்திருக்கலாம், மணிக்கட்டு வலி காத்திருக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தகடு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். ஜிம்னாஸ்டிக்ஸில் உடல் எடை முழுவதையும் கைகள் திரும்பத் திரும்பத் தாங்குவதால், முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டைச் சேரும் இடத்தில் உள்ள தகடு அழுத்தத்துக்கு உள்ளாகிறது. வலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்தால் அந்த இடத்தில் வளர்ச்சியே தடைப்பட்டு, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டு, மணிக்கட்டின் அமைப்பு நிரந்தரமாக மாறிவிடக் கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்து கையின் மீது எடை விழாமல் போதிய ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும். எனவே எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பார்க்கும் வரை அவளைக் கையூன்றும் எந்தப் பயிற்சியையும் செய்ய விடாதீர்கள்.

பயிற்சி நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒழுங்கமைக்கப்பட்ட பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற எண், பிள்ளையின் வயதைக் குறிக்கும் எண்ணைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று விளையாட்டு மருத்துவத்தில் ஒரு வழிகாட்டல் உண்டு. 11 வயதுக்கு 20 மணி நேரம் என்பது அதற்கு மிக மேலே நிற்கிறது. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. பள்ளியும் பயிற்சியும் வீட்டுப்பாடமும் போக அது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

எடையைப் பற்றிய பேச்சை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வயதில் உணவைக் குறைக்கத் தொடங்கும் பெண் பிள்ளைகளுக்குப் பூப்பெய்துவது தள்ளிப்போவதும், எலும்பின் அடர்த்தி குறைவதும், அதனால் எலும்பில் நுண்முறிவுகள் ஏற்படுவதும் நாங்கள் அறிந்தவை. சரியாகச் சாப்பிடுகிறாளா என்பதை அவளுக்கு உறுத்தாத வகையில் கவனியுங்கள்.

மறுமொழி (பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவர்)

பயிற்சியாளர் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டவற்றோடு ஒத்துப்போகிறேன்; ஆனாலும் தந்தையின் கவலையை அப்படியே ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சலிப்பூட்டும் பயிற்சியை ஒருநாள் வேண்டாம் என்று சொல்லாத பிள்ளை இல்லை. அந்த நாளில் "இன்னும் கொஞ்சம் செய்து பார்" என்று சொல்லும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். கண்டிப்பு என்பது நேரம் தவறாமை, தவறைத் திருத்துதல், முடிக்க வேண்டியதை முடிக்கச் செய்தல் ஆகியவை. அழுகிற பிள்ளையைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைப்பதற்கும் கண்டிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அச்சத்தில் இருக்கும் பிள்ளை கவனம் சிதறி விழும், விழுந்த வலியை மறைக்கும். வலியை மறைக்கும் பிள்ளைக்குப் பாதுகாப்பாகப் பயிற்சி தர யாராலும் முடியாது.

காலம் கடந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸில் மூத்தோர் (சீனியர்) பிரிவின் பன்னாட்டுப் போட்டிகளுக்குக் குறைந்தபட்ச வயது 1997 முதல் 16 ஆக இருக்கிறது. பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் அதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்த 2022இல் முடிவெடுத்தார்கள். வளரும் உடலையும் மனத்தையும் காப்பதற்காகவே இந்த வரம்புகள் வந்தன. 11 வயதில் சில மாதங்கள் ஓய்வெடுத்து, வேறு இடத்தில் குறைந்த நேரத்தில் தொடரும் பிள்ளைக்கு எந்தக் கதவும் அடைபடுவதில்லை.

புதிய இடம் தேடும்போது, பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து பார்க்கலாமா என்பதை முதலில் கேளுங்கள். பயிற்சியாளர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க நேர்ந்தால் என்ன நடைமுறை, பிள்ளைகளுக்கு அனுப்பும் செய்திகளில் பெற்றோரும் சேர்க்கப்படுகிறார்களா, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்பவற்றுக்கு எழுத்து வடிவில் பதில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. இந்தக் கேள்விகளைக் கேட்டதற்காக முகம் சுளிப்பவர்களிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டோம். அதுவரை பயிற்சி இல்லை என்று மகளிடம் சொன்னோம். குறைந்த நேரம் பயிற்சி தரும் வேறு இடம் ஒன்றைத் தன் தோழியின் வழியாக அவளே அறிந்து வைத்திருக்கிறாள். இன்னொரு கேள்வி எழுகிறது: எங்கள் மகளை விலக்கிக்கொண்டால் போதுமா? அதே அறையில் மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்களே.

மறுமொழி (குழந்தை உரிமைகள் குறித்துப் பயிற்சி அளிப்பவர்)

அவர்களைப் பற்றியும் நீங்கள் நினைத்தது மகிழ்ச்சி அளிக்கிறது. மகள் தானாகச் சொன்னவற்றை அவள் பயன்படுத்திய சொற்களிலேயே, நாள் குறிப்பிட்டு எழுதி வையுங்கள். விவரங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம். பதிலை உள்ளடக்கிய கேள்விகள் பிள்ளையின் நினைவையே கலைத்துவிடும், பின்னர் விசாரிப்பவர்களுக்கும் அது தடையாகும். புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லி, அவளுடைய அச்சம் என்ன என்று கேளுங்கள்; தன் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று அவள் விரும்பினால் அதையும் புகாரில் எழுதுங்கள். அந்த மையத்தின் நிர்வாகத்துக்கும், அதை மேற்பார்வையிடும் விளையாட்டுச் சங்கத்துக்கும், உங்கள் பகுதியின் குழந்தைகள் நல அமைப்புக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். மற்றப் பெற்றோர்களிடம் பேசும்போது உங்கள் மகள் சொன்னதைப் பரப்பாமல், அவர்களுடைய பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்படி மட்டும் சொல்லுங்கள்.