ஐ20 என் லைன் காருக்கு டயர்: மழையிலயும் பிடிக்கணும், வளைவுலயும் பிடிக்கணும்

செம்மண்டலம்_லேப்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2022 ஹூண்டாய் ஐ20 என் லைன் கார், 120 பி.எஸ். டர்போ. 43,000 கி.மீ. ஓடியிருக்கு. கம்பெனியில போட்டுக் குடுத்த அதே 195/55 ஆர்16 டயர்தான் நாலுலயும் (அகலம் 195 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதுல 55 சதவீதம், ரிம் 16 இஞ்ச்). கடலூர் செம்மண்டலத்துலருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரி லேபுக்கு தினமும் போய் வர்றேன். நைட் ஷிஃப்ட் இருந்தா விடியக்காலம் அஞ்சரைக்குத் திரும்புவேன்.

போன வாரம் விடியற நேரம், நல்ல மழை. தவளக்குப்பம் தாண்டி கிருமாம்பாக்கம் வர்றதுக்குள்ள, பின்னாடி ஒரு விளக்குகூட இல்லாம கரும்பு டிராக்டர் ஒண்ணு. பிரேக்க மிதிச்சேன். வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏ.பி.எஸ். கால்ல தடதடன்னு அடிக்குது, வண்டி வழுக்கிட்டே போகுது. கரும்புத் தோகை பானெட்டுக்கு மேல தொங்கற தூரத்துல நின்னுச்சு. கொஞ்ச நேரம் கை நடுக்கம் நிக்கல. வீட்டுக்கு வந்து ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சுப் பார்த்தா, முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மொட்டை. வெளிப்பக்கம் பட்டன் (ரோட்டைப் பிடிக்கற ரப்பர் மேடு) நல்லாவே இருக்கு, அதனாலதான் இத்தனை நாள் கண்ணுல படல. பின்னாடி ரெண்டுலயும் 3 மி.மீ. போல இருக்கு.

கடையில முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதும்னு சொல்றாங்க. எனக்கு 17 இஞ்ச் அலாய் வீல், 215/45 போட்டுப் பார்க்கணும்னு ஆசை. இந்த வண்டி வளைவுல திரும்புற விதத்துக்காகவே மூணு வருஷம் சேர்த்து வாங்கினேன், டயர் மாத்தி அந்த சுகம் போயிடக் கூடாது. ஆனா அன்னைக்கு மாதிரி இன்னொரு தடவை வழுக்கவும் கூடாது. என்ன செய்யலாம்?

ஓ.டி. டயர்காரர்:
சகோதரி, ஆபத்து இல்லாமல் தப்பித்தீர்களே, அதுவே நிம்மதி. கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுனில்) 24 வருடம் டயர் கடை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். எந்த பிராண்டு என்பதற்கு முன்னால் இரண்டு விஷயம்.

உள்பக்கம் மட்டும் தேய்ந்தது டயரின் குற்றமல்ல. டோ, அதாவது முன் வீல்கள் பார்க்கும் கோணம், வெளிப்பக்கம் விரிந்திருக்கும், அல்லது வீலைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து வீல் சாய்ந்திருக்கும். நம் ரோட்டுப் பள்ளங்களுக்கு இது சகஜம். புஷ் போயிருக்கும்போது அலைன்மென்ட் (வீல் கோணம் திருத்துவது) செய்தால் அது நிற்காது. அதனால் வண்டியைத் தூக்கி முன் வீலை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்ம், ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட், பிறகு அலைன்மென்ட், பிறகுதான் டயர். இந்த வண்டியில் முன்னால் டோ மட்டும்தான் திருத்த முடியும், பின்னால் இரண்டு வீலையும் இணைக்கும் டார்ஷன் பீம், அதில் திருத்த ஒன்றுமில்லை. அலைன்மென்ட் முடிந்ததும் ரிப்போர்ட் பிரின்ட் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது 17 இஞ்ச். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் மொத்த உயரம் 621 மி.மீ., 215/45 ஆர்17 போட்டால் 625. ஸ்பீடோ மீட்டர் ஏமாற்றாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் 107 மி.மீ.யிலிருந்து 97க்கு இறங்கும். அந்த 1 செ.மீ.தான் பள்ளத்தில் விழும்போது உங்கள் அலாயைக் காப்பாற்றுகிறது. அகலம் கூடினால் காய்ந்த ரோட்டில் பிடிப்பு கூடும், தேங்கிய தண்ணீரிலோ அகல டயர் சீக்கிரம் மிதக்கும். நீங்கள் பயந்ததே தண்ணீரில்தானே? 16லேயே இருங்கள்.

கோட்டக்குப்பம் பையன்:
அக்கா, அண்ணன் சொல்றது சத்தியம். நான் ஆசைப்பட்டு 215/45 ஆர்17 போட்டவன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் கரையைக் கடந்துச்சே, புதுச்சேரியில ஒரே நாள்ல 48 செ.மீ. கொட்டுச்சு. அதுக்கு நாலு நாள் கழிச்சு, தண்ணி நின்ன ரோட்ல பள்ளம் தெரியாம இடது பக்கம் இறங்கிட்டேன். சைடுவால்ல, அதான் டயரோட பக்கச் சுவர்ல, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், ரிம்மும் வளைஞ்சு போச்சு. வீங்கின டயருக்கு உள்ள நூல் அறுந்திருக்கும், அத ஒட்டவும் முடியாது, ஓட்டவும் கூடாது. திரும்ப 16க்கே வந்துட்டேன்.

வில்லியனூர்:
முன்னாடி புதுசு போடச் சொன்னது சரிதான்னு எனக்குத் தோணுது மேடம். முன் வீல் இழுக்கிற வண்டி, பிரேக் பளுவும் முன்னாடிதான் அதிகம். இன்னொண்ணு, டயருக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22லருந்து 28லருந்து 18 சதவீதமாயிடுச்சு, பில்லப் பார்த்து வாங்குங்க. எரிப்பாக்கத்துல எம்.ஆர்.எஃப். ஆலை நம்ம ஊர்லயே இருக்கு, அதையும் விசாரிங்க.

ஓ.டி. டயர்காரர்:
வில்லியனூர் தம்பி, கடையில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்பார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் மாட்டினேன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். முன் டயர் தண்ணீரில் பிடிப்பு விட்டால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் திரும்பப் பிடிக்கும். பின் டயர் விட்டால் வால் சுழன்றுவிடும், பழகிய டிரைவருக்கே திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம். வண்டி சுழலாமல் தடுக்கும் இ.எஸ்.சி. இருக்கிறதே என்றால், ரப்பரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? இரண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின்னால்தான். டயர் கம்பெனிகளே சொல்வதும் இதுதான்.

ஆனால் இவர்களுக்கு அதுவும் சரிவராது, மொட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் மாட்ட மிஞ்சுவது அந்த 3 மி.மீ. டயர்தான். தேய்மானத்தைக் காட்டும் டி.டபிள்யூ.ஐ. மேடு 1.6 மி.மீ.யில் இருக்கிறது, அது வரும்வரை ஓட்டலாம் என்பது சட்டத்துக்கு. கார்த்திகை மழைக்கு 3 மி.மீ.யே போதாது. சகோதரி, நாலும் மாற்றுங்கள், ஒரே பிராண்டு, ஒரே மாடல்.

மாடல் தேர்வில் உங்கள் ஆசைக்கும் இடம் இருக்கிறது. மிஷலின் பிரைமசி, யோகோஹாமா புளூஎர்த் ஜி.டி. இரண்டையும் ஈர ரோட்டில் நம்பி ஓட்டலாம். சத்தமில்லாத சொகுசுக்கு முதலாவது. ஸ்டீயரிங் திருப்பியதும் மூக்கு உடனே உள்ளே வரவேண்டுமென்றால், என் கைக்கு இரண்டாவது. சைடுவாலில் டிரெட்வேர் எண் பெரிதாக இருந்தால் அதிகம் உழைக்கும் என்பார்கள். அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே போடுவதால் ஒரு பிராண்டை இன்னொன்றோடு அதை வைத்து ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் டிராக்‌ஷன் ஏ-யா ஏ.ஏ.-யா என்று பாருங்கள், அது ஈரத்தில் பிரேக் பிடிப்பதற்கான மதிப்பு. லோடு எண் 87க்குக் கீழே இறங்க வேண்டாம், ஒரு டயருக்கு 545 கிலோ. பின்னால் வரும் எழுத்து வி, 240 கி.மீ. வேகம் தாங்கும்.

டயர் தயாரித்த தேதி எண் நான்கு இலக்கம்: 3225 என்றால் 2025இன் 32ஆவது வாரம். புது டயர் மேல் வழுவழுப்பு இருக்கும், முதல் 200, 300 கி.மீ. நிதானமாகப் போங்கள்.

செம்மண்டலம்_லேப்:
அண்ணே, ரொம்ப நன்றி. நேத்து ஷிஃப்ட் முடிச்சு நேரா மெக்கானிக்கிட்ட போனேன். நீங்க சொன்னபடியே இடது லோயர் ஆர்ம் புஷ் ரெண்டா கிழிஞ்சிருக்கு, வெரல விட்டுக் காட்டினார். புது ஆர்ம் ஆர்டர் குடுத்தாச்சு, வெள்ளிக்கிழமை வருது. 17 இஞ்ச் ஆசைய விட்டுட்டேன். சனிக்கிழமை நாலும் புளூஎர்த். டயர் கடையில எனக்காக எடுத்து வெச்ச நாலு புது டயர்லயும் தேதி எண் காட்டச் சொன்னேன், ரெண்டு போன வருஷத்தது, ரெண்டு அதுக்கும் முந்தினது. நாலும் ஒரே வருஷத்ததா வரவழைச்சுத் தர்றேன்னு கடைக்காரர் ஒத்துக்கிட்டார். அதுவரைக்கும் பஸ்லதான் போறேன்.