மறு: ‘தானியங்கி அளவிடல்’: குறைப்பதையும் சொல்லும் ஒரு சொல் வேண்டும்

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

‘ஓட்டோ ஸ்கேலிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையை முதலிலிருந்து வாசித்தேன். வேலை கூடும்போது சேவர்களை, அதாவது பின்னாலிருந்து சேவை வழங்கும் கணினிகளை, தானாகவே கூட்டுவதும் வேலை குறையும்போது குறைப்பதும்தான் அது. தானியங்கி அளவிடல், மீள்தன்மை, தன்விரிவாக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்தில் கடைகளிலிருந்து வீடுகளுக்குச் சாப்பாடும் பொதியும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பக்கம் என் பொறுப்பு. இந்த மூன்றில் ஒன்றால் எங்களுக்குக் காசு போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ஸ்கேல் என்றால் அளவு. ஆகவே அளவிடல் போதும்.

அண்ணை, அளவிடல் என்றால் அளந்து பார்ப்பது. தையற்காரர் துணியை அளவிட்டால் துணி நீளாது. முகிலில், அதாவது இணையவழி வாடகைக்கு எடுக்கும் கணினிகளில், அளத்தல் என்பது தனியான ஒரு வேலை. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு தரவு வெளியே போனது என்று அளந்துதான் பில் போடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்ப நிறுவகம் 2011இல் வெளியிட்ட வரைவிலக்கணத்தில் முகிற் கணிமைக்கு ஐந்து இயல்புகள் உண்டு. அளந்து வழங்கும் சேவை அதில் ஒன்று, விரைவான நெகிழ்ச்சி வேறொன்று. ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் படிக்கிற பிள்ளை எதைப் பிடிப்பது?

> இயற்பியலில் ஏற்கெனவே உள்ள மீள்தன்மையை எடுத்துக்கொள்ளலாம்.

இழுத்து விட்ட வில் பழைய நிலைக்குத் திரும்புவதை மீள்தன்மை என்று உயர்தரத்தில் படித்தோம். சேவர் விழுந்தபின் தொழில் எழும்பி நிற்பதையும் சிலர் இப்போது அப்படியே எழுதுகிறார்கள். அதற்கு அது பொருத்தம், அங்கேயே இருக்கட்டும். இயல்பைக் குறிக்க ஒரு சொல் வேண்டுமென்றால் வணிகப் பிரிவுப் பிள்ளைகளிடம் ‘கேள்வி நெகிழ்ச்சி’ இருக்கிறது. விலை மாறும்போது கேள்வி, அதாவது வாங்குவோரின் தேவை, எவ்வளவு அசைகிறது என்பது அது. எங்களுக்குக் கேள்வி மாறும்போது சேவர்கள் அசைகின்றன. ஆகவே இயல்புக்கு நெகிழ்ச்சி. ஆனால் நாம் தேடுவது செயலின் பெயர்.

இனி தன்விரிவாக்கம். இதைப் பாவித்தவன் நான்தான்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் எங்கள் சேவர் கொக்குவிலில் ஓர் அறைக்குள் இருந்தது. இன்வேட்டர் பற்றரி இறங்கியதும் எல்லாம் நின்றுவிடும். ஜெனரேற்றருக்கு டீசல் கிடையாது. சாவகச்சேரியில் பொதியோடு நிற்கும் பொடியனின் போனில் விலாசம் வராது. அவன் எனக்கு எடுப்பான், நான் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். அந்த வருடமே எல்லாவற்றையும் சிங்கப்பூரிலுள்ள ஒரு தரவு மையத்துக்கு ஏற்றினோம். பில் டொலரில். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே நடுப்பகுதியில் 360 ரூபாயளவுக்குப் போயிருந்தது. தேவையில்லாமல் ஓடும் ஒரு சேவர் என்ன செய்யும் என்பதை அந்த வருடம் எங்களுக்கு நன்றாகக் காட்டியது.

அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு முன் ஒரு செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதினேன். தலைப்பு ‘தன்விரிவாக்கம்’. கொடியேறினால் 25 நாளும் எங்களுக்கு வேலை அதிகம். அந்த நாட்களில் ஊரில் பெரும்பாலான வீடுகளில் சைவச் சாப்பாடுதான், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் சனமும் கூட. கோயிலைச் சுற்றி வீதிகளை மூடுவதால் ஒவ்வொரு ஓடருக்கும் பாதையைச் சுற்றிக் கணக்கிட வேண்டும், அதுதான் சேவரைக் கூடுதலாகப் பிழிவது. புதிதாக வந்த தம்பி என் குறிப்பைப் பார்த்து விதி எழுதினார்: சுமை ஐந்து நிமிடத்துக்கு 70 வீதத்தைத் தாண்டினால் ஒரு சேவர் சேர். திறமாக வேலை செய்தது. இரண்டாக இருந்தவை தேர்த் திருவிழா அன்று ஒன்பது.

தீர்த்தம் முடிந்தது, சனம் போய்விட்டது, வீதியும் திறந்தாயிற்று. ஒன்பதும் இரண்டு கிழமைக்கு அப்படியே ஓடின. குறைக்கும் விதியே எழுதப்படவில்லை. ‘விரிவாக்கம்’ என்று சொன்னீர்கள், விரித்தேன் என்றார் தம்பி. அவரில் பிழையில்லை. நான் வைத்த பெயர் பாதி வேலையைத்தான் சொன்னது. மேலே சொன்ன வரைவிலக்கணமும் நெகிழ்ச்சியை விளக்கும்போது வளங்களைப் பெறுவதோடு விடுவதையும் சேர்த்தே சொல்கிறது.

உண்மையில் குறைப்பதுதான் கஷ்டமான பாதி. சேர்ப்பதற்கு ஒரு கட்டளை போதும். எடுப்பதற்கு முன், அந்தச் சேவரின் கையிலுள்ள ஓடர்களை முடிக்கவிட வேண்டும், புதியவற்றை மற்றவற்றுக்குத் திருப்ப வேண்டும், அதன் நினைவகத்தில் மட்டும் இருக்கும் தகவலைப் பொதுத் தரவுத்தளத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். பெட்டிக்குள் பொதி இருக்கும்போது பொடியனை வீட்டுக்குப் போ என்று சொல்ல முடியாதல்லவா?

இரண்டு பக்கத்தையும் ஒரே சொல்லில் கட்டத் தமிழுக்குத் தெரியும். போக்குவரத்து என்கிறோம், வரவுசெலவு என்கிறோம், கொடுக்கல்வாங்கல் என்கிறோம். எங்கள் தொழிலே போக்குவரத்துத்தான். அந்த வழியில் என் முன்மொழிவு:

கூட்டிக்குறைப்பு.

இது நான் யோசித்துக் கண்டுபிடித்த சொல்லல்ல. அன்னதானத்துக்கு உலை வைக்கும்போது அம்மா சொல்வது: “சனத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைச்சுப் போடு.” அரிசி மூட்டை இருக்கிறதென்று முழுவதையும் கொட்டுவதுமில்லை, பந்தியில் ஆளை இருத்திவிட்டு இல்லை என்று சொல்வதுமில்லை. சேவர்களுக்கு நாங்கள் எழுதும் விதி இதுதான். வினையாகவும் நடக்கும்: இரவில் கூட்டிக்குறைக்கும், கூட்டிக்குறைக்காது. விதி ‘கூட்டிக்குறைப்பு விதி’, செய்யும் மென்பொருள் ‘கூட்டிக்குறைப்பான்’. தானாக நடப்பதை அழுத்த வேண்டிய இடத்தில் முன்னால் ‘தானியங்கி’ போடலாம், மற்ற இடங்களில் தேவைப்படாது.

மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தபோது, வகுப்பில் மாணவனுக்கு விளங்கினால்தான் சொல் நின்றிருக்கும். எங்கள் வகுப்பு இந்தத் தம்பிமார்தான்.

மாற்றுக் கருத்துகளை எழுதுங்கள்.

* * *

இரண்டு நாள் கழித்து:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சென்னை நண்பர், கூட்டுதல் என்றால் பெருக்குவது என்றும் பொருள் வருமே என்கிறார். இங்கேயும் முற்றத்தைக் கூட்டுகிறோம். ஆனால் பக்கத்தில் ‘குறை’ வந்தவுடன் விளக்குமாறு யாருக்கும் நினைவு வராது.

அவர் தந்த ‘விரிசுருக்கம்’ இறுக்கமான, அழகான சொல். ஆனால் விரிதல் என்பது ஒரே பொருள் பெரிதாவது. நாங்கள் செய்வது எண்ணிக்கையை மாற்றுவது. ஒரு சேவரை நிறுத்தி அதையே பெரிய சேவராக மாற்றும் வேலையும் உண்டு, அதற்குத் தனிப்பெயர் வேண்டும். ‘பருமன் மாற்றம்’ என்று எழுதி வருகிறேன். ‘விரிசுருங்கின’ என்று வினையாக்கிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. தொகுப்பில் மாற்றுச் சொல்லாகப் போடுவதற்கு எனக்கு மறுப்பில்லை.

நேற்றுத் தம்பியிடம் பழைய குறிப்பின் தலைப்பை மட்டும் ‘கூட்டிக்குறைப்பு’ என்று மாற்றிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வி: “குறைக்கிறது எத்தனை வீதத்தில அண்ணை?” 30 என்றேன்.

அடுத்த சொல்லையும் அவர்தான் கேட்டார். ஒரு சேவரைச் சேர்த்தவுடன் அடுத்ததைச் சேர்க்காமல், அது வேலைக்கு வரும் வரை சிறிது பொறுக்க வேண்டும். அமேசன் சேவையில் அந்த இடைவெளி இயல்பாக 300 செக்கன். ஆங்கிலத்தில் ‘கூல் டவுன்’. ‘குளிர்விப்பு’ என்றால் குளிரூட்டி நினைவு வருகிறது, ‘ஆறுதல் நேரம்’ செத்தவீட்டில் சொல்வது. ‘ஆறவிடு நேரம்’ என்று வைக்கலாமா?