எம்பி3 பிளேயர்ல சத்தம் உடையுது, என்ன செய்யலாம்?

கல்லடி: அண்ணாமார், என்ட பிளேயர்ல சத்தத்த கொஞ்சம் கூட்டினா பேஸ் வாற இடமெல்லாம் கரகரண்டு உடையுது, ஹெட்போன மாத்தியும் பாத்திட்டன் அதேதான், பாட்டெல்லாம் 320 கேபிபிஎஸ், நல்ல தரம்தான், ஆராவது சொல்லுங்க.

அக்கரைப்பற்று: தம்பி, ஈக்வலைசர்ல (பேஸ், ட்ரெபிள தனித்தனியா கூட்டிக் குறைக்கிற செட்டிங்) பேஸ ஏத்தி வெச்சிருக்கீங்களா? இப்பத்தைய பாட்டுகள் ஏற்கெனவே உச்ச அளவுலதான் பதிஞ்சிருக்கும், அதுக்கு மேல 6 டெசிபெல் கூட்டினா ஒலி அலையிட முனை வெட்டுப்பட்டு இப்பிடித்தான் உடையும். எல்லாத்தையும் 0-ல வெச்சு ஃப்ளாட்டுல விட்டுப் பாருங்க. பேஸ் கட்டாயம் வேணுமெண்டா முதல்ல ப்ரீஆம்ப (ஈக்வலைசர்ல மொத்த அளவ மாத்துறது) அதே 6 டெசிபெல் குறைச்சிட்டு கூட்டுங்க.

களுவாஞ்சிகுடி: வயர ஆட்டினா சத்தம் மாறுதா எண்டும் பாருங்க, உப்புக்காத்துக்கு ஹெட்போன் குத்துற ஜாக் களிம்பு புடிக்கும். ஓஃப் பண்ணிட்டு பஞ்சுக்குச்சியில ஐசோப்ரொப்பைல் அல்ககோல் தொட்டு துடைங்க, தண்ணி வேணாம்.

கல்லடி: ஈக்வலைசர்தான் அண்ணா! ஃப்ளாட்டாக்கினதும் தெளிவா கேக்குது, பெரிய உதவி.