இத்தாலிய மொழியில் பணிவாகக் கேட்பது எப்படி?

கேள்வி:
உயர்கல்விக்காகப் போலோஞா நகருக்குச் செல்லவிருக்கிறேன். 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'வோல்யோ' என்று கற்றிருக்கிறேன். கடையிலும் பல்கலைக்கழக அலுவலகத்திலும் இது முரட்டுத்தனமாகத் தோன்றுமா? உடன் 'தயவுசெய்து' என்னும் பொருளுடைய 'பெர் ஃபவோரே' சேர்த்தால் போதுமா?

மறுமொழி 1:
தோன்றக்கூடும்; 'பெர் ஃபவோரே' அதை ஓரளவே தணிக்கும். அதே வினையின் நிபந்தனை வடிவமான 'வொர்ரெய்' ('கிடைத்தால் நன்று' என்பதுபோல் தணிவானது) என்பதைப் பயன்படுத்துங்கள். அலுவலகத்தில் உதவி கேட்கும்போது 'ஸ்கூசி, போத்ரெப்பே அயுத்தார்மி?' (மன்னிக்கவும், எனக்கு உதவ முடியுமா?) என்று தொடங்கலாம். இங்கு மறைந்து நிற்கும் மரியாதைச் சொல்லான 'லெய்' ('நீங்கள்') எதிரில் நிற்பவரைக் குறித்தாலும், அதற்குரிய வினை நம் 'நீங்கள்' போலப் பன்மையில் வராமல் படர்க்கை ஒருமையில் வருவதால், தொடக்கத்தில் பலரும் தடுமாறுவர். சக மாணவர்களிடம், 'நீ' என்று விளிக்கும் வடிவங்களான 'ஸ்கூசா, போத்ரெஸ்தி' என்பதே இயல்பு. அவர்களிடம் 'லெய்' விலகலாகவே ஒலிக்கும்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆயினும் காப்பிக் கடையில் இவ்வளவு அலங்காரம் தேவையில்லை. 'போன்ஜோர்னோ' என்று முகமன் கூறிவிட்டு 'உன் கஃப்பே, பெர் ஃபவோரே' (ஒரு காப்பி, தயவுசெய்து) என்றால் போதும். என் கருத்தில், வினை வடிவத்தில் தவறுவதைவிட முகமன் கூறாமல் கேட்பதே பெரிய குறை. 'வோலேவோ' என்று சிலர் கேட்பதையும் காண்பீர்கள்; வடிவத்தில் இறந்தகாலமாயினும், அதுவும் இப்போதைய வேண்டுகோளைத் தணித்துச் சொல்லும் முறையே.

மறுமொழி 3:
தெற்கே, குறிப்பாக நேப்பிள்ஸ் பகுதியில், முதியோர் 'லெய்'க்குப் பதில் 'வோய்' என்று மரியாதையாக விளிப்பதுண்டு. 1938இல் முசோலினி அரசு 'லெய்'யை விலக்கி 'வோய்'யைத் திணிக்க முயன்றது தனிக்கதை. நீங்கள் 'லெய்'யையே பயன்படுத்துங்கள்.