மரத்தில் சதுரத் துளை போடும் மார்டைஸ் மெஷினில் உளியோடு கட்டையும் மேலே வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வேங்கை நிலைக்கால், அரை இஞ்ச் சதுர உளி. கட்டை தடிமன் அதிகம் என்று மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கவையை யாரோ கழற்றி வைத்துவிட்டார்கள். இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கைப்பிடியைத் தூக்கியதும் உளி துளைக்குள் கவ்விக்கொண்டு கட்டையையும் சேர்த்துத் தூக்கியது, நாலு விரல் உயரம் இருக்கும், அப்புறம் விடுபட்டு டொம்மென்று மேசையில் விழுந்தபோது பிடித்துக்கொண்டிருந்த தம்பியின் விரல் அடியில். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, சுவிட்ச் கட்டைக்கு அந்தப் பக்கம், யாருக்கும் கை எட்டவில்லை. நகம் போனதோடு சரி, எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் சுவிட்சைத் தேடிய அந்த நேரம் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

*

கவை இருந்தால் கட்டை எழும்பியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். உளி ஏன் கவ்வியது அண்ணே? எங்கள் மாமா பட்டறையில் கவை இறுக்கமாகத்தான் இருந்தது. தூள் வெளியே வராமல் உள்ளேயே அடைத்து, புகை கிளம்பி, உளி முனை நீலம் பாய்ந்துவிட்டது, துளைக்குள் மரம் கரிந்து கிடந்தது. உளிக்குள்ளே சுற்றித் துளைபோடும் பிட்டின் முனை உளியை உரசக் கூடாது, ஒன்றிரண்டு மில்லி இடைவெளி வேண்டும். உளியின் தோளுக்கும் மெஷின் தலைக்கும் நடுவே ஒரு நாணயத்தை வைத்து, பிட்டை உளி முனையில் முட்டும்வரை மேலே தள்ளி, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கை இறுக்குங்கள், பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு உளியை முழுக்க மேலே ஏற்றி முடுக்குங்கள். அந்த இடைவெளி தானாகக் கிடைக்கும்.

*

தேக்குக் கதவுச் சட்டம் போடும்போது உளியின் பக்கவாட்டுத் திறப்பில் அடைத்த தூளை விரலால் தட்டப் போன ஒருவரை நான் கத்தி நிறுத்தினேன், அவ்வளவுதான் என் கதை. உள்ளே பிட் சுற்றுகிறது, தூளே கொதிக்கும்! மெஷினை நிறுத்திவிட்டுக் குச்சியால் எடுங்கள். ஆழத்தை ஒரே மூச்சில் இறக்காதீர்கள், கொஞ்சம் இறக்கி, தூக்கி, தூள் விழவிட்டு மறுபடி இறக்குங்கள். துளையின் இரண்டு முனையையும் முதலில் குத்துங்கள், நடுவில் இடம் விட்டு விட்டுக் குத்திவிட்டுக் கடைசியில் மிச்சத்தை எடுங்கள், பாதித் துளைமேல் குத்தினால் உளி வெற்றிடத்துப் பக்கம் வளையும். கிளவுஸ் வேண்டாம், சுற்றுகிற பிட் இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். சக் சாவியை எடுத்த பிறகுதான் சுவிட்ச். மழுங்கின உளியோடு மல்லுக்கட்டாதீர்கள், உள்பக்கத்தைக் கூம்புக் கல்லால் தீட்டுங்கள்.

*

தீட்டுவது, கிளவுஸ் எல்லாம் சரிதான், நான் கேட்டது கட்டை எழும்பியதைப் பற்றி. மாமா பட்டறைக் கதை சொன்ன தம்பியின் நாணயக் கணக்கைப் பார்த்தேன், எங்கள் பிட் உளியில் ஒட்டித்தான் இருந்தது. ஆனாலும் கவை இல்லாமல் இனி ஒரு கட்டையும் ஏறாது. தடிமனான கட்டைக்குத் தூணின் அடியில் உயரக் கட்டை கொடுத்துத் தலையை ஏற்றலாம் என்கிறார்கள், அப்படி வைத்து ஓட்டுகிறவர்கள் இருந்தால் தலை ஆடுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.