‘பகுப்பு’ வேறு, ‘பங்கீடு’ வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியாவில் குரோமோசோமின் இரு படிகளையும் இரு புறமும் ஒதுக்கும் மரபணுக்கள், செல்லையே இரண்டாக்கும் மரபணுக்கள் ஆகிய இரு தொகுதிகளையும் ‘பிரிப்பு மரபணுக்கள்’ என்றே வழங்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சொல் எளிதுதான், ஆனால் இவ்விரு வேலைகளும் தனித்தனியே பழுதாகக் கூடியவை என்பதை அது மறைத்துவிடுகிறது.

குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் எஃப்டிஎஸ்-இசட் மரபணு மாறிய, வெப்பம் தாங்காத திரிபு ஒன்றைப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸில் அது இயல்பாகப் பெருகும். 42 டிகிரிக்கு மாற்றினால், செல்லின் நடுவே வளையமாகக் கூடிக் குறுக்குச்சுவர் எழவேண்டிய இடத்தை வகுக்கும் புரதம் செயலிழக்க, செல் பிளவுபடாமல் நூல்போல் நீண்டுகொண்டே போகும். ஆயினும் அந்நூலுக்குள் டி.என்.ஏ. திரள்கள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம். பங்கு பிரிந்தாயிற்று, சுவர்தான் எழவில்லை. ஜப்பானில் ஹிராகா குழுவினர் 1991-இல் அறிவித்த, எம்யூகே-பி மரபணு மாறிய திரிபில் நிலைமை நேர்மாறு: செல் பிளவுபடுகிறது, ஆனால் சேய்ச்செல்களுள் சில குரோமோசோமே இல்லாமல் வெறுமையாகப் பிறக்கின்றன.

ஆகவே, செல்லுக்குப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட ‘பகுப்பு’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, குரோமோசோமுக்குப் ‘பங்கீடு’ என்பதை ஆளலாம் என்பது என் கருத்து. ‘தனித்துப் பிரிதல்’ மெண்டலின் விதிக்கு உரியதாகிவிட்டது. உட்கரு உள்ள செல்கள் பகுபடும் முறையான மைட்டாசிஸிலிருந்து சொல் கடன் வாங்குவதும் பொருந்தாது, அங்கே குரோமோசோம்களை இரு புறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் பாக்டீரியாவில் இல்லவே இல்லை. ‘பங்கீட்டு மரபணு’, ‘பகுப்பு மரபணு’ எனச் சொல்லிப் பார்த்தால் நாவிலும் இடறவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. பார்-ஏ, பார்-பி என்பவை காலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களில் மெய்யாகவே பங்கீட்டு மரபணுக்கள். ஆனால் ஈ.கோலையின் பார்-சி, பார்-ஈ ஆகியவை, படியெடுத்த பின் சங்கிலிக் கண்ணிகளாகக் கோத்துக்கொண்டு கிடக்கும் இரு டி.என்.ஏ. வளையங்களை விடுவிக்கும் டோப்போஐசோமரேஸ் 4 என்ற நொதிக்கு உரியவை. ‘பார்’ என்ற முன்னொட்டை மட்டும் நம்பிப் பெயர்த்தால் இவையும் பங்கீட்டுப் புரதங்கள் என்றாகிவிடும். இவற்றுக்குக் ‘கண்ணி விடுவிப்பு’ என்பதே சரி.

எஃப்டிஎஸ்-கே எந்தத் தொகுதி என்று கேள்வி எழும். அதன் புரதம் குறுக்குச்சுவர் எழும் இடத்தில் அமர்ந்துகொண்டு, மூடும் வாயிலில் சிக்கிய டி.என்.ஏ.வை உந்தித் தள்ளுவதால் இரண்டிலும் பங்கேற்கிறது. அதை ‘பகுப்பு-பங்கீட்டு மரபணு’ என இரட்டைப் பெயராலேயே குறிக்கலாம்.